சிமியுலேஷன் சேர்

“சேர், இந்த முறையும் பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டாங்கள்.”

பேராசிரியர் வலன்ரைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னவாம்?”

“அதே பல்லவிதான். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிப் பாத்த கணக்கு, உண்மையான அன்ரனாவை வச்சு அளந்து காட்டுங்கோ எண்டுறாங்கள். எனக்கு இது கடைசி வருஷம் சேர். பேப்பர் வராட்டி பிஎச்டியும் இல்லை.”

“பாப்பம் பிள்ளை.”

பாப்பம்! கேட்டுக் கேட்டு டெனிஷாவுக்குக் காது புளித்துவிட்டது. வயர்லெஸ் நெட்வேர்க்கில் முப்பது வருஷமாக ஆராய்ச்சி செய்கிற மனிதர் ஓர் அன்ரனாவைக் கையால் தொட்டதை கம்பஸில் ஒருவரும் கண்டதில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடித்துவிடுவார். ‘சிமியுலேஷன் சேர்’ என்று பெடியங்கள் பட்டமே வைத்திருந்தார்கள். வெளியே போய் அளப்போம் என்றால் மழை என்பார், முழங்கால் நோ என்பார். எதுவும் எடுபடாவிட்டால், பொலிஸுக்கு அறிவித்துக் கடிதம் எடுத்துக்கொண்டு வா என்பார். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் கடிதம் கேட்கிறார்கள்?

அந்தக் கடிதத்துக்கும் நாயாய் அலைந்து, எடுத்து, சனிக்கிழமை வெள்ளவத்தையில் மாமியின் ஃபிளாட் மொட்டைமாடிக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்ற அன்ரனாவைக் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு மாடியில் முதல் நாளே பூட்டியிருந்தாள்.

வலன்ரைன் படிவாசலோடு நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. கீழே ஒழுங்கையில் வருகிறவர்கள் போகிறவர்களை எட்டி எட்டிப் பார்த்தார்.

“உயரம் பயமா சேர்?”

“இல்லை… அந்தக் கடிதம் கையில இருக்குதானே?”

“பாக்கில இருக்கு சேர்!”

வெயிலில் தனியே கிடந்து மல்லுக்கட்டினாள். கம்பம் சரிந்தது, நட்டு இறுகவில்லை, லப்டொப்பில் சிக்னலைக் காணோம். அழுகை வந்தது. அலுப்பில் வாய் முந்திக்கொண்டது.

“கை அழுக்காகாமலே பேராசிரியர் ஆகிட்டீங்கள் சேர். நாங்கள்தான் கிடந்து மாயுறம்.”

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக வந்து அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கினார். நட்டைத் தளர்த்தினார். அன்ரனாவை வடக்கே திருப்பி, இரண்டு விரலால் கொஞ்சம் நிமிர்த்தி, இறுக்கினார். அவ்வளவுதான். லப்டொப்பில் சிக்னல் ஏறியது.

“வந்திட்டுது! சேர், கொட்டாஞ்சேனை வந்திட்டுது!” டெனிஷா துள்ளினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கொண்டு ஏன் சேர் இத்தினை வருஷமா ஒண்டையும் தொடேல்லை?”

வலன்ரைன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“கம்பஸில படிக்கேக்க ஒருக்காத் தொட்டனான் பிள்ளை. ரூம் பெடியங்களுக்கு ரீவியில கிரிக்கெட் மட்ச் பாக்கோணுமாம். இதே வெள்ளவத்தையில கூரையில ஏறி ஒண்டு கட்டிக் குடுத்தன். அப்ப சண்டைக் காலம். கட்டுறதுக்கு அரை மணித்தியாலமும் போகேல்லை.”

மறுபடியும் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார்.

“களவாச் செய்தி அனுப்புற அன்ரனாவாம் எண்டு பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது. வீட்டை திரும்பி வர நாலு வருஷம் எடுத்தது.”