கடைசிப் பக்கத் தீர்ப்பு

"இது உங்க எழுத்துதானே?"

லைப்ரரியம்மா நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

வெல்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "என்னுதுதான். வேற யாருக்கு இப்படி எழுத வரும்?"

வேலை பார்த்த காலம் முழுக்க இரும்பை ஒட்ட வைத்தவர். ஓய்வு பெற்றதும் நாவலில் இறங்கிவிட்டார். 'இந்திய நாவல்கள்' என்று எழுதிய அலமாரியில் புராணம், சமூகம் எதையும் விட்டுவைப்பதில்லை. படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தீர்ப்பு.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. "அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவனுக்கு நாவல் ஒரு கேடா?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தவன் கூடப் பிறந்த தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். அன்றோடு பேச்சு நின்றது. ஏழு வருஷம். அந்தச் சிரிப்பை வெல்டர் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

லைப்ரரியம்மா சத்தமாகவே வாசித்தாள். "'அண்ணன் தம்பி சண்டையை வைத்து அறுநூறு பக்கம். ஒருத்தன் போய் மற்றவன் கதவைத் தட்டியிருந்தால் போரும் இல்லை, நாவலும் இல்லை.'"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "புத்தகத்துல எழுதினா கார்டு ரத்து. போர்டு போட்டிருக்கோம்ல?"

"ஏழு வருஷமா எழுதறேன். இன்னிக்குத்தான் கண்ணு திறந்துதா?"

"ஏழு வருஷமாவா? நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லையே!"

"வாங்கம்மா, காட்டறேன்."

விடுவிடுவென்று அலமாரிக்குப் போய் ஒரு தடித்த புராண நாவலை உருவினார். "இதுல எழுதினது மனப்பாடமா இருக்கு. 'ராஜாக்கள் எல்லாரையும் அழ வைத்தாயிற்று. தேர் ஓட்டினவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா?'"

கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

அடுத்து ஒரு சமூக நாவல். "'கதாநாயகன் முப்பது பக்கம் ஜன்னலோரம் நின்று யோசிக்கிறான். இவனுக்கு வேலைவெட்டி கிடையாதா?' எழுதினேனே, எங்கே போச்சு?"

அதுவும் காலி. மூன்றாவதும் அப்படித்தான். விரலால் தடவினார். தாள் சொரசொரவென்றிருந்தது.

"எவனோ ரப்பர் வெச்சு அழிச்சிருக்கான்! ஏழு வருஷ உழைப்பு! யாரு அவன்? சொல்லுங்க, சும்மா விடமாட்டேன்!"

அவள் மூன்று புத்தகத்தின் தேதிச் சீட்டுகளையும் புரட்டினாள். மூன்றிலும் வெல்டருக்கு அடுத்து ஒரே உறுப்பினர் எண். நூற்றுப் பதினெட்டு.

"அட, நம்ம வாத்தியார்!"

"எந்த வாத்தியார்?"

"ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர். நெட்டையா இருப்பார். மூக்குகூட அப்படியே உங்க..."

சொல்லி முடிக்காமல் வெல்டரின் மூக்கையே பார்த்தாள்.

வெல்டர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க திருப்பிக் கொடுத்த புத்தகமாப் பார்த்துதான் எடுப்பார். அந்த மூலையில உட்கார்ந்து நோட்டுல ஏதோ எழுதிக்குவார். என்ன சார்னு ஒருநாள் கேட்டேன். 'எங்க அண்ணன் பேசறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்மா'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. இப்பதான் புரியுது. நோட்டுல எழுதிக்கிட்டு இங்கே அழிச்சிருக்கார். அழிக்கலைன்னா உங்க கார்டு என்னிக்கோ போயிருக்கும்."

வெல்டர் மேஜைக்குத் திரும்பி, முதல் நாவலின் கடைசிப் பக்கத்தைத் தொட்டார். மெதுவாகக் கேட்டார். "இதை மட்டும் ஏன் அழிக்கலை?"

"கண் ஆபரேஷன். ரெண்டு வாரமா வரலை. எதுவும் படிக்கக் கூடாதுன்னுட்டாங்களாம்."

வெல்டர் சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை ரத்து பண்ணிக்குங்க. அந்த அறுநூறு பக்கத்தை நூத்திப் பதினெட்டு பேர்ல எழுதிக் கொடுங்க."

"அவராலதான் படிக்க முடியாதே?"

"அஞ்சாங்கிளாஸ்காரன் போய்ப் படிச்சுக் காட்டறேன். கடைசிப் பக்கத்தையும் சேர்த்து."