மூணு மான்

"மானாம், மான்! கடற்கரையில மான் ஓடுறதுக்கு இது என்ன மேகமலையாய்யா?"

அபுபக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே வராதா?

காலையில் ஏர்வாடி தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டு, மனைவி அம்சத் பீவியோடு கடலோரமாகவே தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்த ஊரான உத்தமபாளையத்து டாக்சி ஸ்டாண்டு வண்டி. டிரைவர் நல்லகண்ணு அதுவரை ஒழுங்காகத்தான் வந்தார். உப்பளத்துப் பக்கம் நிறுத்திப் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினார். மயில் காட்டினார்.

தன் தம்பி நசீம் வேன் விபத்தில் போனதிலிருந்து ஒரு வருஷமாக வாசலைத் தாண்டாதவள் அம்சத் பீவி. பூநாரை நடக்கிற நடையைப் பார்த்து இன்றைக்குச் சிரித்தேவிட்டாள்! அந்தச் சிரிப்புக்காகத்தானே இந்தப் பயணமே.

சாயல்குடி தாண்டியதும்தான் வந்தது வினை.

"தங்கச்சி! இடதுபக்கம் பாருங்க, மான்! அந்தா ஓடுது! திரும்பிராதீக, அங்கனயே பாருங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியைப் பறக்கவிட்டார் நல்லகண்ணு.

அபுபக்கர் கழுத்து வலிக்கப் பார்த்தார். கருவேலமும் நாலு வெள்ளாடும்தான் தெரிந்தன.

"நான் பாத்தேங்க," என்றாள் அம்சத் பீவி. "மூணு மான். ஒண்ணு குட்டி."

இவளுமா? அதோடு சரி, அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. பழையபடி உம்மென்று ஆகிவிட்டாள்.

டீக்கடையில் நிறுத்தியதும், அவளை வண்டியிலேயே விட்டுவிட்டு, டிரைவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார் அபுபக்கர்.

"தம்பியை விபத்துல பறிகொடுத்தவளை வச்சுக்கிட்டு இந்த வேகமாய்யா ஓட்டுவீரு? சிரிச்சுக்கிட்டு வந்தவ மிரண்டு போயி உக்காந்திருக்கா. இதுல புளுகு வேற! ஸ்டாண்டுல சொல்லி, இனிமே உம்ம வண்டி எங்க தெருப்பக்கமே வராம பண்ணுறேன் பாரும்."

நல்லகண்ணு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாய், வலதுபக்கம் பட்டை உரிஞ்சு ஒரு புளியமரம் நின்னுச்சு. பாத்தீகளா?"

"இல்லையே."

"நசீம் தம்பி வேன் அதுலதான் மோதுச்சு. மையித்தை எடுத்துவரப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன். வேன் பெயிண்டு இன்னும் மரத்துல அப்பிக் கெடக்கு. அதான் உள்ரோட்டுல போவோம்னேன். கடல் தெரியணும்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீக. தங்கச்சி கண்ணுல பட்டுறக் கூடாதேன்னு பதறிட்டேன். சட்டுன்னு வாயில மான்தான் வந்துச்சு. மேகமலைக்கு வண்டி ஓட்டுற வாயி, வேற என்னத்தச் சொல்லும்?"

பளாரென்று அறை வாங்கியது போல நின்றார் அபுபக்கர். அன்றைக்கு அவர் ஊரில் அம்சத் பீவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். விபத்து எந்த ரோட்டில் என்றுகூட அவர் கேட்டுக்கொண்டதில்லை; அந்த இடத்தைக் கண்டதும் இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே," என்று நல்லகண்ணுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் அம்சத் பீவி கேட்டாள்: "அண்ணனைத் திட்டுனீகளா?"

"திட்டுனேன். மன்னிப்பும் கேட்டுட்டேன். அது சரி, இல்லாத மானை நீ எப்படிப் பாத்தே?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் வலதுபக்கம்தாங்க பாத்தேன். அந்த மரத்துல கிளிப்பச்சை. நசீமு வேனுக்கு நான் சொல்லி அடிச்ச கலரு, எனக்குத் தெரியாதா? அம்புட்டுப் பாடுபட்டு மறைக்கிற மனுஷர்கிட்ட, பாத்துட்டேன்னா சொல்ல முடியும்?"