கதவு கேட்ட சொல்

கம்பெனிக் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் சாவி கிடையாது. உள்ளே வரவும் வெளியே போகவும், அன்றைய ஆங்கிலச் சொல்லைக் கதவுக்குப் பிடித்த மாதிரி சொல்ல வேண்டும். இன்றைக்கு 'பேர்ட்ஸ்'.

கடைசி ஸ் வண்டு போல ரீங்கரிக்க வேண்டுமாம். வடிவுக்கு அது பாம்பு போலச் சீறித் தொலைந்தது. போதாக்குறைக்கு அதன் வாலில் ஒரு 'உ' வேறு வந்து ஒட்டிக்கொண்டது. "தொண்டையில விரல வச்சுப் பாரு, அதிரணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான் கணவன் மாசானம். அவன் துணையில்லாமல் அவள் இதுவரை படியிறங்கியதே இல்லை.

"பேர்ட்ஸு."

"மீண்டும் முயலவும்" என்றது கதவு.

"சனியன் பிடிச்ச கதவு! பேர்ட்ஸு!"

காலடியில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது மகள் ஆதிரா, அம்மாவைப் போலவே தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை சொன்னாள். கதவு திறந்தது. "ஐ!" என்று கைதட்டிக்கொண்டு குழந்தை வெளியே ஓடியது. வடிவு எட்டிப் பிடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. அங்கே நாலெட்டு வைத்தால் படிக்கட்டு. வடிவு தொண்டையை அழுத்திக்கொண்டு கத்தினாள். உடம்பே அதிர்ந்தது, அந்தச் சொல் மட்டும் வரவில்லை. தரையில் படுத்துக் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அழாதடி என் தங்கம். அங்கயே நில்லு. இப்பச் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லும்மா."

பயத்தில் குழந்தைக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

"மீண்டும் முயலவும்" என்றது கதவு.