பனிப்பாதையில் கைசா

“ஆணி வச்ச டயரா, ஆணி இல்லாததா?” என்று கேட்டார் டயர் கடைக்காரர் வெல்லோ.

“எது வழுக்காதோ அது. ஓட்டப்போறது என் பொண்ணு கைசா. தேய்ஞ்ச டயரோட தீவுக்கும் இந்த ஹாப்சலு ஊருக்கும் அலையறா. எனக்குத் தூக்கமே இல்லை” என்றாள் ஹெல்வே.

“அப்ப ஆணிதான். எங்க வீட்டு நாய் மாதிரி, ஐஸைக் கடிச்சா விடாது. ஆனா நாலையும் மாத்தணும். முன்னாடி ரெண்டை மட்டும் மாத்தினா பின்பக்கம் சுத்திடும்.”

“நாலும் போடுங்க. போன வாரம்கூடப் பள்ளத்துல இறங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்து நின்னா.”

போன் அடித்தது. ஹெல்வே ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, தீவுல இருந்து கிளம்பிட்டேன். அரை மணியில கடைக்கு வந்துடுவேன்.”

“அதுக்குள்ள படகு வந்துடுமா?”

“படகு எதுக்கு? உறைஞ்ச கடல் மேலயே வரேன். பயப்படாதே. ஐஸ் உடைஞ்சா குதிக்கறதுக்கு சீட் பெல்ட்டைக்கூடக் கழட்டிட்டேன்.”

வெல்லோ கையிலிருந்த டயரைக் கீழே விட்டார்.

“ஹெல்வே, இந்த வருஷம் கடல் மேல கார் போற பனிப்பாதையை இன்னும் திறக்கவே இல்லை. ஐஸ் ஒரு சாண் கனம் இருந்தாத்தான் கார் விடுவாங்க. நேத்து அளந்தப்ப நாலு விரல்தான். திறக்கறதுக்கு முன்னாடி போய் இதுவரைக்கும் ஏழு கார் ஆளோட மூழ்கியிருக்கு.”

ஹெல்வே போனில் அலறினாள். “கைசா! பாதை திறக்கலையாம்டி. ஐஸ் தாங்காது. வண்டியைத் திருப்பு!”

மறுமுனையில் கைசா சிரித்தாள்.

“விளையாடாதேம்மா. பாதை திறக்கலைன்னா, எனக்கு முன்னாடி தண்ணி சொட்டச் சொட்ட வரிசையாப் போற இந்த ஏழு காரும் யாரோடது?”