சூறாவளியும் பீரங்கியும்

“அந்த ரெண்டு பேரையும் நான் நேர்ல பாத்தாகணும்!”

ஜெனிவால் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்திருந்தார், யாரையோ அடிக்கப் போகிறவர் போல. பஸ் டிரைவர் சீருடை. வேலை முடிந்ததும் நேராக, சாவோ பாவுலோவில் மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஏறி வந்திருந்தார். மூச்சு இரைத்தது.

“எந்த ரெண்டு பேர்?” என்றாள் பத்திரிகை ஆசிரியர் டால்வா.

“சூறாவளி, பீரங்கி. வேற யாரு?”

அது வீடியோ கேம் பத்திரிகை. மாதாமாதம் பதினான்காம் பக்கத்தில் அந்த இருவரும் மோதிக்கொள்வார்கள். சூறாவளி, டிவியில் மாட்டி விளையாடும் கறுப்பு கேம் பெட்டியின் கட்சி. பீரங்கி, அதற்குப் போட்டியான சாம்பல் பெட்டியின் கட்சி. இரண்டும் புனைபெயர். முகம் யாருக்கும் தெரியாது.

“அவங்க ஆபீசுக்கு வர்றதில்லை. ஒருத்தர் இருக்கிற இடத்துல இன்னொருத்தர் கால் வைக்கமாட்டார்,” என்றாள் டால்வா.

“உக்காருங்க ஐயா.” மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒஸ்மார் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். சின்னக் கோப்பையில் காபி கொடுத்தான்.

ஜெனிவால் குரல் இறங்கியது.

“என் பெரிய பையன் எட்மில்சன் பேக்கரியில வேலை செஞ்சு கறுப்பை வாங்கினான். சின்னவன் ஜாந்திருக்கு அவன் அத்தை பராகுவே போய் சாம்பலை வாங்கிட்டு வந்து குடுத்தா. வீட்ல இருக்கிறது ஒரே டிவி. அதுக்குக்கூட அவங்க சண்டை போட்டதில்லை தம்பி. உங்க பதினாலாம் பக்கம் வந்துது பாருங்க…”

“அது சும்மா விளையாட்டுக்கு எழுதறது,” என்றாள் டால்வா.

“விளையாட்டா? கறுப்புக்கு வேகம் ஜாஸ்தி. சாம்பலுக்கு நிறம் ஜாஸ்தி, பாட்டு ஜாஸ்தி. என் ரூட் நம்பர் மறந்தாலும் இது எனக்கு மறக்காது. ஒரே கார் பந்தய கேமுக்கு சூறாவளி ஒன்பது மார்க் போடறார், பீரங்கி ஆறுங்கறார். எது நிஜம்?”

“ரெண்டுமே நிஜம்தான் ஐயா,” என்றான் ஒஸ்மார் மெதுவாக.

“போன மாசம் சூறாவளி எழுதினார்: ‘சாம்பல் பெட்டிக்காரனுக்கு இன்னும் அம்மாதான் ஷூ மாட்டிவிடணும்.’ ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுல, மாமன் மச்சான் எல்லார் முன்னாடியும், பெரியவன் அதைச் சத்தமாப் படிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.”

கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சின்னவன் ஜாய்ஸ்டிக்கால அண்ணன் மண்டையை உடைச்சுட்டு ஒசாஸ்கோல இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிட்டான். நாப்பது நாளாச்சு. அவங்கம்மா இன்னும் அவனுக்குத் தட்டு வைக்கிறா.”

பிறகு கோப்பையை மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவங்க ரெண்டு பேரும் கைகுலுக்கற மாதிரி ஒரு படம் போடுங்க. முகம் தெரியவேணாம், முகமூடி போட்டுக்கட்டும். பாதிரியார் சொல்லியும் என் பசங்க கேக்கலை. உங்க பத்திரிகையில வந்தா கேப்பாங்க.”

“யோசிக்கறோம்,” என்றாள் டால்வா.

ஜெனிவால் எழுந்தார். ஒஸ்மாரின் தோளைத் தொட்டார். “நீ நல்ல பிள்ளையா இருக்கே. நீயாவது அவங்ககிட்ட எடுத்துச் சொல்லு தம்பி.”

“சொல்றேன் ஐயா. அவங்களும் கெட்டவங்க இல்லை.” அவன் கண் கலங்கியிருந்தது.

படிகளில் அவருடைய பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது.

“படம் போட்டா என்ன டால்வா?” என்றான் ஒஸ்மார்.

“போடலாம். அடுத்த மாசம் பதினாலாம் பக்கத்தை யார் படிப்பா?” டால்வா கடிகாரத்தைப் பார்த்தாள். “அச்சகத்து ஆள் ஆறு மணிக்கு வந்துடுவான். சூறாவளி முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“பீரங்கி?”

ஒஸ்மார் மூலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். தட்டச்சு இயந்திரத்தில் இருந்த சூறாவளியின் தாளை உருவி வைத்துவிட்டு, புதுத் தாளைச் செருகினான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு அடிக்கத் தொடங்கினான்:

“பீரங்கி பதில் சொல்கிறார்: கறுப்புப் பெட்டி இருக்கும் வீட்டில் கூடப் பிறந்த தம்பிகூடத் தங்கமாட்டான்.”