பிரித்து எழுதுக

எங்கள் நைனாவின் உயிலை வாசிக்கும் முன்பே என் தம்பி சாம் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

‘தந்தை எழுதியது எதுவானாலும் எனக்குச் சம்மதம்’ என்று பாஸ்டர் தெலுங்கில் எழுதிக் கொடுத்த தாளின் அடியில், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பேனாவால்.

அவ்வளவு தைரியம். ஆண்பிள்ளைக்குத்தானே கயினி வரும்?

கயினி என்றால் நெல் விளையும் நிலம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், புத்தூர் ரோட்டை ஒட்டி. சுற்றிலும் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். வாங்குகிற ஆளை சாம் சிகாகோவில் இருந்தபடியே போனில் பேசி வைத்திருந்தான். நைனா சாவுக்கு வருவதற்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

அந்தச் சேற்றில் பதினேழு வருடம் நின்றவள் நான். என்னை எட்டாவதோடு நிறுத்தித்தான் நைனா அவனைச் சித்தூர் கான்வென்டில் சேர்த்தார். அவனுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும். மிஷன் ஸ்கூலில் நான் படித்த தமிழ் அவனுக்குச் சிரிப்பு. தெலுங்குக்காரப் பிள்ளைகளைப் போல அதை அரவம் என்பான்.

“அரவம் படிச்சிக்கினு இன்னா பண்ணப்போற, கேசியாக்கா?”

அவன் அதை மறந்திருப்பான். நான் மறக்கவில்லை.

பாஸ்டர் குண்டூர்க்காரர். இன்று அந்த அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எழுந்து நின்று, விரல் வைத்து வாசித்தேன். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கர்த்தர் சாட்சி.

‘வயலின் முழு உரிமையும் சாமுக்கு. வீடும் மற்ற எல்லாமும் கேசியாவுக்கு.’

சாம் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“வயலினா? நைனாக்கு ஏதுக்கா வயலினு?”

மேசைக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். உள்ளே வார்னிஷ் உரிந்த வயலின். ஒரு கம்பி அறுந்திருந்தது.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். தாளைப் பிடுங்கி அவனே பார்த்தான். கையெழுத்து நைனாவுடையது, அது அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவனுக்கு வெறும் கிறுக்கல்.

சாம் கையெழுத்திட்ட தாளில் பாஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் டாக்சியில் ஏறும்போது சாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனான். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நைனா பேச்சில் எப்போதும் கயினிதான். பேனாவைப் பிடித்தால் மட்டும் பைபிள் தமிழ் வந்துவிடும். அந்தத் தமிழில்தான் என் பதினேழு வருடத்தையும் தூக்கி அவனுக்குக் கொடுத்திருந்தார். அவரைப் புதைத்த மறுநாள் டிரங்குப் பெட்டியில் அந்தத் தாளைக் கண்டு வாசித்தபோது, செத்த அப்பன் மேல் அவ்வளவு ஆத்திரம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அன்றைக்கே திருப்பதிக்கு பஸ் ஏறி, பழைய வாத்தியம் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தேன்.

மிஷன் ஸ்கூல் தமிழ்ப் பரீட்சையில் ‘பிரித்து எழுதுக’ என்று ஒரு கேள்வி வரும்.

வயலின் = வயல் + இன்.

அந்தக் கேள்வியில் நான் ஒரு மார்க்கும் விட்டதில்லை.