ஒரு கட்ட அளவு அறை

அமலோற்பவம் வீட்டிலிருந்தபடியே பண்ணை கட்டுபவள். கட்டங்களை அடுக்கி ஆடும் கணினி விளையாட்டில் வாய்க்கால் வெட்டி, தக்காளி நட்டு, தானே அறுவடையாகும்படி அமைத்து ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பாள். நிறுவனம் அதை நிஜ மண்ணில் அப்படியே எழுப்பிவிடும். எந்த ஊரில் என்று அவளிடம் சொல்வதில்லை.

அவள் கணவன் அருளப்பன் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு புதுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்றாம் நாள் கால் வீங்கி வந்தான்.

"நாள் பூரா நின்னீங்களா?"

"உக்கார இடமில்ல. சுத்திக் கண்ணாடி. ஒரு ஓட்ட வழியா கைய மட்டும் வெளிய நீட்டி அழுகின பழத்தப் பொறுக்கணும். காலையில உள்ள விட்டு மூடினா சாயங்காலம்தான் திறப்பாங்க."

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். வாய்க்காலோரம் ஒரே கட்ட அளவில், ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு பொம்மை ஆள்.

"இதேதான். எவன் கட்டினான் இத?"

"நான்தாங்க. ஆள் நகர்ந்தா வேகம் குறையுதுன்னு சுவர் வச்சேன். பொம்மைதானேன்னு நெனச்சேன்."

அவள் அப்போதே ஒரு கதவும் நாற்காலியும் சேர்த்து அனுப்பினாள். விளைச்சல் குறைகிறது என்று நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பழைய அமைப்பை இன்னும் நாற்பது ஊர்களில் எழுப்பப்போவதாக எழுதி அவளைப் பாராட்டியும் இருந்தது.

காலையில் வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்தபடி அருளப்பன் கேட்டான். "அந்த நாற்பதுலயும் எத்தன பேர் நிக்கணும்?"

"ஒவ்வொண்ணுலயும் எட்டு அறை வச்சிருக்கேன்," என்றாள்.